ஆனைமங்கலத்துச் செப்பேடும் செட்டிகுளத்து வெங்காயமும்

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா நடந்தது. ராஜேந்திர சோழனின் கடல்கடந்த படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு நிறைகிறது என்பதால் பிரதமர் வந்தார், ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியானது. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் கப்பல்களைப் பற்றியும் கடாரத்தைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால், அந்த வெற்றிக்கு முன்னும் பின்னும் சோழ அரசு அயல்நாட்டு வணிகத்தை எப்படி நடத்தியது என்ற பேச்சு அதிகம் எழவில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று விதைத்தும் தைத்தும் வெளிநாட்டுக்கு அனுப்பி வாழ நினைக்கிறவர்களுக்குப் படையெடுப்பைவிட அந்தப் பேச்சுதான் பயன்படும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேரே பக்கத்திலுள்ள மாளிகைமேட்டுக்குப் போகிறார்கள். அங்கே அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கல் சுவர்களோடும் கூரை ஓடுகளோடும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலைப் பார்க்காத மேட்டு நிலத்தில், சுமார் 250 ஆண்டு தலைநகராக இருந்த ஊர் இது. சீனத்துக் கிண்ணம் இங்கே வந்து சேர நாகப்பட்டினத்தில் ஒரு மரக்கலம் கரை தட்டியிருக்க வேண்டும், அதை நம்பி ஒரு வணிகன் முதல் போட்டிருக்க வேண்டும், அவனுக்கு இந்த அரசின் சொல்லில் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை உண்டாக்கிய ஆவணம் ஒன்று நம்மிடம் இருக்கிறது.

ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1005-06 வாக்கில், சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் அரசன் ஸ்ரீமாற விசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூளாமணிவர்ம விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பினான். அதன் செலவுக்காக ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கும் மேலான நெல். சைவ அரசன் ஒருவன் கடல்கடந்த பௌத்த அரசனின் பள்ளிக்குக் கொடுத்தது என்று இதைச் சமயப் பொறைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். காட்டலாம், தவறில்லை. எனினும் இதற்குள் இருக்கும் வணிகக் கணக்கையும் பார்க்க வேண்டும். மலாக்கா நீரிணையின் இரு கரையும் அன்று ஸ்ரீவிஜயத்தின் பிடியில் இருந்தன. சீனத்துக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் அவர்கள் வாசலைக் கடந்தே போக வேண்டும். அந்த நாட்டுக்காரன் நம் துறைமுகத்தில் வந்து தங்கவும் வணங்கவும் ஓர் இடத்தை உறுதியாகக் கொடுத்தால், நம் வணிகனுக்கு அங்கே வழி திறக்கும். ராஜராஜன் வாய்ச்சொல்லாகத் தந்ததை, அவன் காலத்துக்குப் பின் மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். அந்தச் செப்பேடுகள்தாம் பின்னாளில் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

செப்பேடு வெட்டுவித்த அதே ராஜேந்திரன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படை அனுப்பினான். அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டான். பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், கடாரம் என்று மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களை நிலப்படத்தில் குறித்தால், பெரும்பாலானவை நீரிணையையும் அதன் வாயில்களையும் ஒட்டிய துறைகள் என்பது தெரியும். ஏன் இந்தப் போர் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனக்கு நியாயமாகப் படுவது வணிகக் காரணம். சோழர் தூதுக்குழு 1015-இல் முதன்முதலாகச் சீனத்தின் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் கழிந்த நாட்கள் 1,150 என்று சீனக் குறிப்பு சொல்கிறது. அந்த அரசவையில் சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1106-இல்கூட அப்படிப் பேசப்பட்டிருக்கிறது. இடையில் இருந்தவர்கள் அந்த எண்ணத்தை வளர்த்தார்கள், சீனச் சந்தைக்கு நேரே போகும் வழியைச் சோழருக்கு அடைத்தார்கள் என்ற வாதத்தைத் தான்சென் சென் போன்ற வரலாற்றாசிரியர்கள் முன்வைத்திருக்கிறார்கள்.

படை போனது, வென்றது, திரும்பியது. கடாரத்தில் சோழ அதிகாரி உட்கார்ந்து வரி தண்டியதாகக் கல்வெட்டு எதுவும் இல்லை. சுமார் 40 ஆண்டு கழித்து வீரராஜேந்திரன் தன்னை வந்து அடைந்த ஓர் அரசனுக்காகக் கடாரத்தை மீட்டுக் கொடுத்ததாகச் சொல்கிறான், கொடுத்துவிட்டு விலகிக்கொண்டான். பின் எதனால் தமிழ் வணிகம் அந்தக் கடலில் முந்நூறு ஆண்டு நின்றது? சுமத்ராவிலும் பர்மாவிலும் சீனத்திலும் தமிழ்க் கல்வெட்டுகள் எப்படி வந்தன? வாள் ஒருமுறை வழி திறந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதன் பிறகு அந்த வழியை நாள்தோறும் திறந்து வைத்திருந்தது எது?

மூன்று ஆண்டுக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1087-இல் சோங் அரசு சுவான்சோ துறைமுகத்தில் கடல்வணிக அலுவலகம் திறந்து, அயல்நாட்டுச் சரக்கை அங்கேயே நேராக இறக்க வழி செய்தது. அடுத்த ஆண்டு, சக ஆண்டு 1010 மாசி மாதத்தில், சுமத்ராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, எடுத்த முடிவைத் தமிழில் கல்லில் பொறித்தார்கள். 1090-இல் முதற்குலோத்துங்கன், கடாரத்து அரசனின், அதாவது ஸ்ரீவிஜய அரசனின், தூதர்கள் வந்து கேட்டதன் பேரில், நாகப்பட்டினத்து விகாரத்துக்கு உரிய ஊர்களின் வரி விலக்குகளைப் புதிய செப்பேட்டில் உறுதி செய்தான். நான்கு ஆண்டுக்குள் சீன அரசும் தமிழ் வணிகரும் சோழ அரசும் தனித்தனியே, ஒரே கடல்வழியில் தத்தம் பங்கு விதியை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் பாரூஸ் கல்லை நம் பள்ளிப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் கிடைத்தது. நீலகண்ட சாஸ்திரி முதலில் விரிவாக எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு திருத்தமாகப் படித்தார். அதன் சாரம் இது: அங்கே வரும் மரக்கல நாயன்களும் (கப்பல் தலைவர்களும்) கேவிகளும் (மாலுமிகளும்), கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னில் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும், செலுத்திய பிறகே விரித்த பாவாடையில் (துணி விரிப்பில்) கால் வைக்கலாம். கட்டணம் விதித்தது மன்னன் இல்லை. வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். எவ்வளவு, எந்த அளவுகோலால், எப்போது என்ற மூன்றும் கப்பல் கரைக்கு வருமுன்பே தெரிந்துவிடுகின்றன. பிரான்மலையில் உள்ள வணிகர் கல்வெட்டிலும் இதே பழக்கத்தைக் காணலாம். உப்பு, நெல், மிளகு, பாக்கு, நூல், புடவை, சந்தனம், பன்னீர், குதிரை, யானை என்று சரக்கு வாரியாகக் கோயிலுக்குத் தங்கள் பங்கைக் குறித்து வைத்திருக்கிறார்கள். தென்மாவட்ட வணிகர்களிடம் இன்னமும் வழங்கும் மகமை இந்த வழியில் வந்த பழக்கம்தான்.

1090-ஆம் ஆண்டுச் செப்பேட்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் என் மனத்தில் அதுவே இந்த வரலாற்றின் மையம். 1005-இல் ஒரு வாக்குறுதி. 1025-இல் அதே நாட்டோடு போர். போருக்குப் பிறகு பள்ளியை இடித்து நிலத்தைப் பறித்துக்கொண்டிருந்தால் கேட்க யார் இருந்தார்கள்? அப்படி நடக்கவில்லை. கொடுத்தது 85 ஆண்டுக்குப் பிறகும் நடப்பில் இருந்தது. நான்கைந்து அரசர் மாறி, அரச மரபே வேங்கிச் சாளுக்கியக் கிளைக்குத் திரும்பிய பின்னும் இருந்தது. தூதர்கள் வந்து மேலும் சலுகை கேட்கும் அளவுக்கு அந்த உறவில் உயிர் இருந்தது. குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று சொல்லும் மரபை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவன் நீக்கிய சுங்கம் எந்த எல்லைவரை, எத்தனை காலம் என்பதில் அறிஞர்கள் மாறுபடுகிறார்கள். ஆயினும், ஓர் அரசன் போரில் வென்றதற்காகப் பெறும் பட்டங்களுக்கு நடுவே, வரி நீக்கியதற்காக ஒரு பட்டம் பெற்றான் என்பதே அந்தக் காலத்து வணிக வீதி எதை மதித்தது என்று சொல்லிவிடுகிறது. 1077-இல் சீனத்துக்குப் போன 72 பேர் கொண்ட சோழர் குழு கண்ணாடிப் பொருளும் கற்பூரமும் தந்தமும் பன்னீரும் பெருங்காயமும் கொடுத்து 81,800 சரம் செப்புக்காசு பெற்று வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. திறை என்ற பெயரில் நடந்த வணிகம் அது.

சோழர்கள் தளர்ந்த பிறகு ஆந்திரக் கரையில் இதே அறிவு இன்னும் தெளிவாக எழுதப்பட்டது. மோட்டுப்பள்ளித் துறையில் காகதிய அரசன் கணபதிதேவன் 1244-45-இல் நிறுத்திய அபய சாசனம் அது. புயலில் உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னிருந்த அரசர்கள் பறித்துக்கொண்டார்கள்; உயிரைப் பணயம் வைத்துக் கடலில் போகிறவர்களிடம் இனி விதித்த சுங்கம் தவிர எதையும் கொள்ள மாட்டோம் என்று அதில் உறுதி தருகிறான். சுங்கம் முப்பதில் ஒரு பங்கு.

இதே தலைமுறையில் இன்றைய துருக்கி நாட்டில் கோனியாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ரூம் செல்ஜுக் சுல்தான்களும் அந்த முடிவுக்கே வந்திருந்தார்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த போர்க்குடியினர் அவர்கள். நெடுங்காலம் அவர்களிடம் கடலோரம் இல்லை. 1207-இல் தெற்கே அந்தால்யாவையும் 1214-இல் வடக்கே சினோப்பையும் பிடித்து இரு கடலுக்கும் வாசல் வைத்துக்கொண்டார்கள். அந்தால்யா மீதான படையெடுப்புக்குக் காரணமே அங்கே கொள்ளைபோன வணிகர்களின் முறையீடு என்று அவர்களின் வரலாற்றாசிரியர் இப்னு பீபி எழுதுகிறார். படையெடுப்போடு நிற்கவில்லை. இழந்த சரக்குக்கு ஈடு கொடுத்தார்கள். 1220-இல் வெனிஸ் நகரத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார்கள்: சுங்கம் நூற்றுக்கு 2, தானியத்துக்கும் முத்துக்கும் பொன்னுக்கும் வெள்ளிக்கும் அதுவும் இல்லை. ஒரு நாள் நடைக்கு ஒன்று என்று வணிகச் சத்திரங்கள் கட்டினார்கள். அக்சராய் அருகே 1229-இல் கட்டிய சுல்தான் ஹான் இன்றும் நிற்கிறது. 1243-இல் மங்கோலியரிடம் தோற்று அந்த அரசு மெலிந்தது. சத்திரங்களிலும் சாலைகளிலும் வணிகம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டு ஓடியது. சமயம், மொழி, நிலம் எதுவும் பொருந்தாத அரசுகள், வணிகனுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப் போயிருக்கின்றன.

சோழர் காலத்தைப் பொற்காலமாகத் தீட்டிக் காட்ட நான் விரும்பவில்லை. வழிக்காவலை அரசு முழுதாக ஏற்கவில்லை. அதனால்தான் வணிகர்கள் தங்கள் சொந்த வீரர்களை வைத்துக்கொண்டு எறிவீரப்பட்டினங்களை அமைத்தார்கள். ஈழத்தில் சோழர் படை நடந்துகொண்ட விதத்தை அங்குள்ள நூல்கள் கசப்போடு பதிந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வணிகனின் சுங்கம் நீங்கியபோதும் உழுகிறவனின் காணிக்கடன் நீங்கவில்லை. அரசின் சலுகை கப்பல்காரனிடம் சீக்கிரம் போய்ச் சேரும், களத்துமேட்டுக்கு மெதுவாக வரும் என்பது அன்றும் இருந்தது. இன்று பெரம்பலூரில் அதையே பார்க்கிறோம்.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் நிற்கிறது. செட்டிகுளம், பாடாலூர், நக்கசேலம், இரூர் பக்கம் போனால் வயலோரங்களில் பட்டறைகளைக் காணலாம்: தரையிலிருந்து உயர்த்திய பரண், காற்றோடும்படி பக்கத்தில் மூங்கில் அல்லது கம்பிவலை, மேலே ஓலை. வெங்காயத்தை அறுத்து உலர்த்தி அதில் போட்டு, விலை வரும்வரை காப்பார்கள். விதைக்காய்க்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கோழிக்கால் நோய் வந்தால் பாதி போகும், வேரழுகல் வந்தால் மீதியும் போகும். இவ்வளவையும் தாண்டி வந்த காய்க்கு நல்ல விலை தருவது திருச்சி, திண்டுக்கல் மண்டிகள் வழியாக மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்குப் போகும் சரக்கு. கடாரம் என்று மெய்க்கீர்த்தி சொல்லும் இன்றைய கெடாவின் தமிழ்க் குடும்பங்களும் சாம்பாருக்கு இதைத்தான் தேடுகின்றன.

அந்தச் சரக்குக்கு நம் ஒன்றிய அரசு அண்மையில் என்ன விதி வகுத்தது? 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி. அக்டோபரில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை. டிசம்பர் 8 முதல் 2024 மார்ச் 31 வரை முழுத் தடை. மார்ச்சில், மறு உத்தரவு வரும்வரை தடை நீட்டிப்பு. மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது தடை நீக்கம். கூடவே 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 விழுக்காடு வரியும். செப்டம்பரில் குறைந்தபட்ச விலை போனது, வரி 20 ஆனது. 2025 ஏப்ரல் 1-இல் வரியும் போனது. இருபது மாதத்தில் ஏழு மாற்றம். இதற்கு முன் 2019-இலும் 2020-இலும் தடை வந்து போயிருந்தது.

இந்த முடிவுகள் எடுக்கப்பட்டது நாசிக்கின் பெரிய வெங்காயத்தையும் டெல்லிச் சந்தை விலையையும் பார்த்து. சின்ன வெங்காயம் வேறு பயிர், வேறு பருவம், வேறு வாடிக்கையாளர். வட இந்தியச் சமையலறையில் அதற்கு இடமே இல்லை என்று சொல்லலாம். ஆயினும் தடை வரும்போது அதுவும் சேர்த்துக் கட்டப்படுகிறது. தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும், தடையிலிருந்து விலக்கு வேண்டும் என்று விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். கப்பலில் ஏறத் தொடங்கிய சரக்குக்கும் சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்குக்கும் 2023 தடையில் விலக்கு இருந்தது உண்மை. பட்டறையில் கிடந்த காய்க்கு விலக்கு எது?

நுகர்வோர் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. வெங்காயம் கிலோ நூறைத் தொடும்போது கூலி வேலைக்குப் போகும் குடும்பம் படும் பாடு பெரிது. விலையைக் கட்டுக்குள் வைப்பது அரசின் கடமை. அதற்கு இருப்பில் வாங்கி வைத்து வெளியிடும் முறை இருக்கிறது. சேமிப்புக் கிடங்குகளைப் பெருக்கும் வழி இருக்கிறது. ஏற்றுமதியை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், எந்த விலையைத் தாண்டினால் எத்தனை நாள் முன்னறிவிப்போடு எந்த வரி என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பாரூஸில் கூடிய வணிகர்கள் கஸ்தூரி விலையை அளவுகோலாக வைத்தது இந்த ஏற்பாடுதானே? இரவில் வந்து காலையில் நடப்புக்கு வரும் அறிவிப்பு, அயல்நாட்டு வாங்குவோரை வேறு நாட்டுப் பக்கம் அனுப்பிவிடுகிறது. தடை நீங்கும்போது அனுமதி திரும்பி வருகிறது, வாடிக்கை திரும்புவதில்லை.

இன்னொரு பக்கம், கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஜெயங்கொண்டத்தில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022-லேயே காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் விழுந்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லையும் சிமென்ட் ஆலைகளையும் மட்டுமே கண்ட மண்ணில், பெண்களுக்கு ஊரிலேயே கூலிக்கு வழி பிறப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன். அந்த நிறுவனங்கள் இங்கே வந்தது புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் மேல்: நிலம் எவ்வளவு, சலுகை எத்தனை ஆண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டுத்தான் வந்தார்கள். நியாயமான ஏற்பாடு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரும் ஆம்பூரும் தவித்தன. ஒரு நாட்டின் தலைவர் நினைத்தபோதெல்லாம் வரியை மாற்றினால் நாங்கள் எப்படித் தொழில் செய்வது என்று நம் ஏற்றுமதியாளர்கள் கேட்டார்கள், நம் அரசும் கேட்டது. செட்டிகுளத்து விவசாயி அதே கேள்வியை நம் அரசிடம் பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இரண்டு காரியம் செய்யலாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் மாநில அரசு அறிவித்திருக்கும் அருங்காட்சியகத்தில் போர்க்கப்பல் மாதிரிக்குக் கொடுக்கும் இடத்தை லெய்டன் செப்பேடுகளின் படிகளுக்கும் பாரூஸ் கல்லின் அச்சுக்கும் பிரான்மலைக் கல்வெட்டின் சரக்குப் பட்டியலுக்கும் கொடுக்க வேண்டும். மாளிகைமேட்டுப் பீங்கான் துண்டுகளை அவற்றோடு சேர்த்து வைத்தால், ஒரு கிண்ணம் எந்த விதிகளின் வழியாக இந்த ஊருக்கு வந்தது என்று வருகிற பிள்ளைகளுக்குப் புரியும். மற்றது டெல்லியில் நடக்க வேண்டியது: சின்ன வெங்காயத்துக்கு நடைமுறையில் செல்லும் தனி ஏற்றுமதிக் குறியீடு, தடையோ வரியோ விதித்தால் குறைந்தது ஒரு அறுவடைப் பருவம் முன்னறிவிப்பு, அறிவிப்பு நாளில் பட்டறையில் இருக்கும் காய்க்குப் பதிவு செய்து விலக்கு. நம் மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், அடுத்த ஆடி நடவுக்கு முன் இந்த மூன்றையும் வணிக அமைச்சகத்திடம் எழுத்தில் பெற்றுத் தர வேண்டும்.